புதுத் தகரத்தில் துரு

அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எப்படியாவது தேடிப் படித்துவிட்டு, "என்னப் பத்தி ஒரு அக்கா எழுதிகீறாங்க" என்று நாலு வாட்ஸ்அப் குழுவில் போடுவான். அந்தச் சந்தோஷத்தை அவனுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மாரிக்குப்பத்திலிருந்து காலையில் பெங்களூருக்குப் போகும் வண்டியில் சில வருஷம் அவன் என்னோடு வந்தான். ஆண்டர்சன்பேட்டைக்காரன். மாரிக்குப்பத்தில் வண்டி காலியாக நிற்கும்போதே ஏறி, ஜன்னலோரமாக ஓர் இடத்தில் கைக்குட்டை போட்டு வைப்பான். கோரமண்டலில் ஏறும் எனக்கு அந்த இடம். தினமும் நின்றுகொண்டே பெங்களூர் போய் வருகிறவர்களுக்குத்தான் அந்தக் கைக்குட்டையின் அருமை தெரியும். அதற்காக அவன் பேச்சை எவ்வளவோ சகித்துக்கொண்டேன்.

அவனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அது சோற்றுக்கு. உயிரை வைத்திருந்தது தீம் பார்க்கின் மேல். எல்லோரையும் போல ராட்டினம் சுற்றி, தண்ணீரில் சறுக்கி, பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்புகிற ஆள் இல்லை. பெங்களூரைத் தாண்டி இருக்கும் ஒரு பார்க்குக்கு வருஷ பாஸ் வைத்துக்கொண்டு, மாதம் தவறாமல் போய், எந்தச் சுவரில் எந்தச் சாயம் மாறியிருக்கிறது என்று பார்த்து வருவான். கம்பெனிச் செலவில் ஒருமுறை சிங்கப்பூர் போனவன், அங்கே ஒரு பார்க்குக்குள் பொய்யாகக் கட்டி வைத்திருந்த பழைய தெருவின் முன்னால் நின்று அழுதானாம். இதை அவனே சொன்னான், வெட்கமில்லாமல்.

"அக்கா, அங்க புது இரும்புக்கு துரு மாதிரியே பெயிண்ட் அடிக்கிறாங்கக்கா. தொட்டா கையில ஒட்டாது. அதான்க்கா ஆர்ட்டு."

கோலார் தங்க வயலில் பிறந்தவன் பேசுகிற பேச்சா இது? சுரங்கத்தை மூடிய நாளிலிருந்து துருவைத் தவிர இங்கே வேறென்ன விளைந்தது? அதைப் பார்த்து ஒரு நாளும் அழாதவன், சிங்கப்பூரில் பெயிண்டைப் பார்த்து அழுதிருக்கிறான்.

சுரங்கத்தில் பார்க் வரப்போகிறது என்று எங்கள் ஊரில் தேர்தலுக்குத் தேர்தல் ஒரு பேச்சு கிளம்பும். ஜனங்கள் கேட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இவன் நம்பினான். நம்பியதோடு விட்டானா? அந்தப் பார்க் எந்தக் காலத்தில் நடக்க வேண்டும் என்று வண்டி முழுக்கச் சண்டை போட்டான். சண்டைக்கு அவனுக்கு வாய்த்த ஜோடி, பஜாரில் இரும்புக்கடை வைத்திருப்பவரின் மகன். அவனுக்கும் இதே பைத்தியம். ஆனால் கட்சி வேறு.

"ஆயிரத்து தொள்ளாயிரத்து முப்பத்து நாலு, மச்சா. அதுதான் பீக் டைமு. தொரைங்க, கிளப்பு, பேண்டு. கேட்டுக்குள்ள கால வச்சா விசிட்டர் முப்பத்து நாலுல கீறான். செல்போன வாசல்லயே புடுங்கி வச்சிக்கணும்" என்பான் இவன்.

"முப்பத்து நாலுல உங்க தாத்தன் கிளப்புல டான்ஸா ஆடினான்? மூங்கில் தட்டி வீட்ல கெடந்தான். மைன்ஸ கவர்மெண்ட் எடுத்த அப்பால வை. யூனியன், போனஸு, சம்பள நாள்ல எங்க கடை முன்னால கூட்டம், சக்கத்தா இருக்கும்."

"சம்பள நாள பாக்க எவன்டா டிக்கெட் வாங்குவான்?"

"தட்டி வீட்ட பாக்க மட்டும் வாங்குவானா?"

"தட்டி வீடு அட்ராக்‌ஷன் மச்சா! வெளிய மூங்கில், உள்ள ஏசி."

பங்காருபேட்டை தாண்டும்வரை இப்படித்தான். பெட்டியில் பாதிப்பேர் தூங்குவதுபோல் நடிப்பார்கள். மூங்கில் தட்டிக்குள் எத்தனை பிள்ளைகள் காய்ச்சலில் போயின என்று அந்த இரண்டு பேரில் ஒருவனாவது ஒரு நாள் கேட்டதுண்டா என்றால், கிடையாது. பிள்ளைகள் போனது அவர்கள் படத்தில் இல்லை. மூங்கில் எந்த ஊர் மூங்கில் என்பது இருந்தது.

புதிது புதிதாக அட்ராக்‌ஷன் வேறு யோசிப்பான். எங்கள் ஊரிலேயே பாலகாட் சுரங்கத்துப் பக்கம் இருக்கும் சயனைடு மேட்டை அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிக் கொட்டியே மலையாகிவிட்ட மண் அது. காற்று அடித்தால் அந்தத் தூள் கொடியில் காயும் துணியில் படியும், சோற்றில் விழும், குழந்தைகளுக்கு இருமல் வரும். அந்த மேட்டில் சறுக்குப் பலகை விடலாம் என்றான். பார்க்கப் பனிமலை மாதிரியே இருக்குமாம்.

"பிள்ளைங்க மூச்சுல போனா?" என்று கேட்டேன்.

"மாஸ்க் குடுத்துடலாம்க்கா. முப்பத்து நாலு டிசைன்ல."

அவனுக்கு வாய்ப்பாடாக ஒரு கேள்வி இருந்தது. "இது எந்த வருஷத்து சாமான்?" எதைப் பார்த்தாலும் கேட்பான். பூட்டு, பெஞ்சு, ஸ்டேஷன் மணி, மனுஷர்கள் உட்பட. ஒருவரைப் பார்த்தால் அவர் முகம் அவன் கண்ணில் படாது. அவர் மேல் இருக்கும் பொருட்களில் எது அவன் வருஷத்தைச் சேராததோ அது பளிச்சென்று தெரியும். எங்கள் லைனில், அதாவது சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையில், ஒரு பெரியவர், முப்பது வருஷம் அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர், இறந்துபோனார். அடக்கத்துக்கு வந்தவன் குனிந்து சவப்பெட்டியின் கைப்பிடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக்கு" என்றான், முகத்தைச் சுளித்துக்கொண்டு. அந்தப் பெரியவரின் மருமகள் பக்கத்தில்தான் நின்றாள். நல்லவேளை, அவள் அழுதுகொண்டிருந்தாள்.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது என் அப்பா ஏர் பிளாஸ்டில் போனார். பூமிக்கு அடியில் பாறை வெடித்துச் சரிவதற்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அன்றைக்குச் சுரங்கத்தில் ஊதிய நீளச் சங்கு அம்மாவின் உடம்பை விட்டு இன்னும் போகவில்லை. ஷிஃப்டுக்கு ஊதுகிற சங்கு குட்டையானது, விட்டு விட்டு வரும். விபத்துக்கு ஊதுவது நிற்காது. ஆம்புலன்ஸ் சத்தம் கொஞ்சம் இழுத்தாலே அம்மாவின் கை அடுப்புத் திருகைத் தேடிப் போகும். போதாததற்கு இப்போது இதயத்தில் கோளாறு. மாதம் ஒருமுறை பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். அவளுக்கு அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புகிறார்.

அப்படிப் போன ஒரு நாளில் அவன் இரண்டு கைக்குட்டை போட்டு வைத்திருந்தான். எதிரில் உட்கார்ந்துகொண்டு அம்மாவைக் குடைய ஆரம்பித்தான். "அந்தக் காலத்துல சங்கு ஊதினா லேடீஸ் இன்னா பண்ணுவீங்க ஆயா?" எனக்குக் கோபம் வந்தது. தடுப்பதற்குள் அம்மா பேசத் தொடங்கிவிட்டாள்.

"நீளமா ஊதினா அடுப்ப அணைச்சிட்டு, ஆளுங்க சொரங்கத்துல எறங்குற ஷாஃப்ட் கேட்டுக்கு போயிடணும். செருப்பு தேடினு நிக்கக் கூடாது. ஆளுங்கள ஏத்திகினு கேஜு மேல வரும். யார் வீட்டு ஆம்பள வந்துட்டாரோ, அவ சத்தம் போடக் கூடாது, சிரிக்கக் கூடாது. முந்தானைய தலையில போட்டு மூஞ்ச மறச்சிகினு பின்னால சந்து வழியா வீட்டுக்கு போயிடணும். நிக்கிறவங்களும் அவள பாக்கக் கூடாது. எல்லாரும் ஏறி வர்ற வரைக்கும் எந்த வீட்லயும் அடுப்பு எரியக் கூடாது."

"நீங்க அப்படி மறச்சிகினு போயிகீறீங்களா ஆயா?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்கு அந்த நட வாய்க்கலப்பா."

பெற்ற மகளான எனக்கு அவள் இதைச் சொன்னதே இல்லை. அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "அப்ப இன்னா சேலை கட்டுவீங்க ஆயா? காட்டன்தான?"

அந்த டிசம்பரில் எங்கள் சர்ச்சின் கிறிஸ்துமஸ் குடில் அவன் கைக்குப் போனது. எங்கள் ஊரில் குடில் என்றால் வீட்டு மூலையில் நாலு பொம்மை வைப்பது இல்லை. தெருவுக்குத் தெரு போட்டி. ஒருவர் மோட்டார் வைத்து அருவி விடுவார், இன்னொருவர் ரயில் ஓட்டுவார். எங்கள் லைனுக்கு எதிரே இருக்கும் மைதானத்தில் கட்டப்போகிறேன், பின்னால் ஷாஃப்டின் இரும்புக் கோபுரம் தெரிய வேண்டும் என்று அவன் சொன்னபோது சர்ச்சில் எல்லோரும் மகிழ்ந்துபோனார்கள். பார்க் வருவதற்கு முன் ஒரு சின்ன ட்ரயல் என்று அவன் மனசுக்குள் கணக்கு.

பெத்லகேமைச் சுரங்கத்துக்குள் இறக்கிவிட்டான். மரியாளும் சூசையப்பரும் தட்டி வீட்டில். குழந்தை இயேசு கீழே ஒரு குகையில். மூன்று ராஜாக்களும் கேஜில் இறங்கி வருவார்கள். எங்கள் ஃபாதர், பாவம், நல்ல மனுஷர், "ராஜாக்கள் ஒட்டகத்துல வரலியாப்பா?" என்று கேட்டார். "அது வேற பீரியட் ஃபாதர்" என்றான். குடிலைச் சுற்றிப் போட்ட கூடாரத்துக்குள் போகிறவர்கள் நிற்கும் பலகை அதிரும், விளக்கு அணையும், பாறை சரியும் சத்தம் கேட்கும், பிறகு இயேசு பிறந்த சேதியோடு வானத்துச் சம்மனசு தோன்றுவார். இதற்குக் க்ளைமாக்ஸ் என்று பெயர் வைத்திருந்தான்.

மைதானத்தைச் சுற்றிப் பழைய தகரம் துருப்பிடித்து மலையாகக் கிடந்தது. அதில் ஒன்றைக்கூட அவன் தொடவில்லை. இரும்புக்கடையில் புதுத் தகரம் வாங்கி வந்து, உட்கார்ந்து துரு பெயிண்ட் அடித்தான். "அது கையில ஒட்டும்க்கா" என்றான்.

ஒரு விஷயத்தில் மட்டும் தோற்றுப்போனான். முப்பத்து நாலாம் வருஷத்துத் தொப்பி எங்கு தேடியும் கிடைக்கவில்லை. நெற்றியில் விளக்கு வைத்த பிற்காலத்து ஹெல்மெட்டைத்தான் இரும்புக்கடைக்காரர் மகன் கொண்டு வந்து கொடுத்தான். அப்பா போட்டிருந்ததும் அதே மாதிரிதான். "எல்லாம் போச்சு, இந்த ஒண்ணால முழு ஷோவும் கெட்டுது" என்று ஒரு வாரம் புலம்பினான்.

குடில் வேலை நடக்கும்போதே அவனைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். "தம்பி, நீ எது வேணும்னாலும் பண்ணு. நீளச் சங்கு மட்டும் ஊதாத. அம்மா உடம்பு உனக்குத் தெரியும்."

"இன்னாக்கா நீங்க, எனக்குத் தெரியாதா? ஷிஃப்ட் சங்கோட நிறுத்திக்கிறேன். பிராமிஸ்க்கா."

ட்ரயல் ஒரு சனிக்கிழமை பிற்பகல். எனக்கு விடுமுறை. அம்மா அடுப்பில் மீன் குழம்பு வைத்திருந்தாள். முதலில் குட்டைச் சங்கு ஊதியது. "ரெண்டாம் ஷிஃப்டு போறாங்க" என்று அம்மா சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு நீளச் சங்கு தொடங்கியது. நிற்கவில்லை.

அம்மா அடுப்பை அணைத்தாள். செருப்பைத் தேடாமல் வாசலில் இறங்கினாள்.

"அம்மா, அது குடில்ல ஸ்பீக்கர் வச்சி ஊதுறான்மா!"

"தெரியும்டி."

"தெரிஞ்சும் இன்னாத்துக்கு போற?"

"கால் போவுது" என்றாள். நிற்காமல் நடந்தாள்.

லைன் முழுக்க அப்படித்தான். கதவுகள் திறந்தன. வயதான பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒருத்தி நைட்டியின் மேல் துண்டு போட்டிருந்தாள். இன்னொருத்தி குளிருக்குப் பேரனுடைய ஸ்வெட்டரை மாட்டியிருந்தாள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சுரங்கம் மூடியது எல்லோருக்கும் தெரியும். பூட்டித் துருவேறி, முன்னால் முள் மண்டிக் கிடக்கும் ஷாஃப்ட் கேட்டுக்குப் போய் வரிசையாக நின்றார்கள். அம்மாவின் கை என் கைக்குள் ஜில்லென்று இருந்தது. விழுந்துவிடுவாளோ என்று நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

சங்கு நின்றது. மைதானத்திலிருந்து அவன் ஓடி வந்தான். காக்கி அரை டிராயர், மேலெல்லாம் கரி, தலையில் ஹெல்மெட். செய்த காரியம் புரிந்து மன்னிப்புக் கேட்கத்தான் ஓடி வருகிறான் என்று நினைத்தேன். அவ்வளவு முட்டாள் நான்.

வந்தவன் ஒரு நிமிஷம் அவர்களைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. போனை எடுத்தான். படம் பிடிக்க வாகாகக் கேட்டின் முன்னால் போய் முள்ளை மிதித்துக்கொண்டு நின்றான்.

"ஆயா, அந்த ஸ்வெட்டர கொஞ்சம் கழட்டுங்க. நைட்டி ஆயா, நீங்க பின்னால போங்க. எல்லாரும் கேட்ட பாருங்க, என்னப் பாக்காதீங்க. சூப்பர், சூப்பர்."

அவன் நெற்றி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைக்க மறந்திருந்தான். ஷாஃப்டுக்கு முன்னால், கரி படிந்த ஓர் ஆள், ஹெல்மெட்டில் வெளிச்சத்தோடு.

என் கையிலிருந்து அம்மாவின் கை விலகியது. முந்தானையை எடுத்துத் தலையில் போட்டாள். முகத்தை மறைத்துக்கொண்டாள். திரும்பி, ஒரு சத்தமும் இல்லாமல், பின்னால் இருக்கும் சந்துக்குள் நடந்தாள். அங்கே நின்ற பெண்கள் அத்தனை பேரும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி கூட அவளைப் பார்க்கவில்லை.

"ஆயா! எங்க போறீங்க? ஃப்ரேம்ல நில்லுங்க ஆயா!" என்று கத்தினான் அவன்.

அம்மா வாயாலேயே கேட்டவன். ரயிலில் எதிரே உட்கார்ந்து, வார்த்தைக்கு வார்த்தை கேட்டவன். அது கண் முன்னால் நடக்கிறது, அந்தப் பாவிக்குத் தெரியவில்லை.

"உனக்கு வெக்கமா இல்ல? பிராமிஸ்னு சொன்னியே" என்றேன்.

"கோச்சுக்காதீங்கக்கா. அந்தச் சங்கு இல்லாம க்ளைமாக்ஸ் சப்புனு இருந்துச்சு. ஆனா பாத்தீங்களா, கூட்டம் தானா வந்துச்சு! செட்டுப் போட்டாலும் இப்படி வராதுக்கா."

அவனை அடித்திருப்பேன். அம்மா தனியாகப் போகிறாளே என்று அவள் பின்னால் ஓடினேன்.

வீட்டுக்குள் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முந்தானை இன்னும் முகத்தில் இருந்தது. நாடியைப் பிடித்துப் பார்த்தேன். ஒழுங்காகத்தான் ஓடியது. "அம்மா, அது அப்பா இல்லம்மா. ரயில்ல வருவானே, அந்தப் பையன்" என்றேன், குழந்தைக்குச் சொல்வதுபோல.

முந்தானையை விலக்கினாள். கண் நனைந்திருந்தது, முகம் தெளிவாக இருந்தது.

"எனக்கு கண்ணு நல்லாத்தான் தெரியுது. அந்த மூஞ்சியா உங்கப்பா மூஞ்சி? ஹெல்மெட்டு, லைட்டு, அது போதும்னு இருந்துச்சு. ஒருவாட்டி அந்த நட நடந்து பாத்துடணும்னு இருந்துச்சு. நடந்துட்டேன்."

நான் அழுதேன். அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"எல்லாரும் ஏறிட்டாங்க. அடுப்ப பத்த வைடி, கொழம்பு ஆறிப்போச்சு" என்றாள்.

திங்கட்கிழமை கோரமண்டலில் வண்டி ஏறினேன். கைக்குட்டை போட்ட இடம் காத்திருந்தது. அவனைக் கேட்க நிறைய வைத்திருந்தேன், உட்கார்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். முதலில் பூட்டிய கேட்டு, பிறகு அதன் எதிரில் நின்ற பெண்கள், பின்னணியில் அவன் சேர்த்த சங்கு. அவன் குழுவில் ஏற்கெனவே போட்டுவிட்டான். கீழே ஆளாளுக்கு விவாதம்: இது எந்த வருஷம் போலத் தெரிகிறது, அந்தப் பெண்ணின் மூக்குத்தி எந்த வருஷம், கேட்டின் கம்பி எந்த வருஷம். கவர்மெண்ட் எடுத்த பிறகு என்று இரும்புக்கடைக்காரர் மகன் அடித்துச் சொல்லியிருந்தான்.

படம் முடிந்தது. அதில் அம்மா இல்லை.

"அம்மா நடந்து போறத மட்டும் கட் பண்ணிட்டேன்க்கா. தப்பா நெனைக்காதீங்க. பூப்போட்ட சிந்தடிக் சேலை. முப்பத்து நாலுல அது எங்க இருந்துச்சு?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, ரொம்ப மரியாதையாகக் கேட்டான்: "அம்மாகிட்ட காட்டன் சேலை இருக்குமாக்கா? ஞாயித்துக்கிழமை சும்மா ஒரு ரீடேக் எடுத்துடலாம்."

கேட்க வைத்திருந்தது எதையும் நான் கேட்கவில்லை. சொன்னால் புரிகிற ஆளிடம்தான் கோபப்பட முடியும். கைக்குட்டையை அவன் மடியில் போட்டுவிட்டு எழுந்து அடுத்த பெட்டிக்குப் போனேன்.

அதற்குப் பிறகும் ஒரு வருஷம்போல அந்த வண்டியில் வந்தான். அப்புறம் ஐதராபாத் பக்கம் ஏதோ ஒரு பார்க்கில் வேலை கிடைத்துப் போய்விட்டான். போகும்வரைக்கும் எனக்குக் கைக்குட்டை போடுவதை அவன் நிறுத்தவில்லை. நான் பெங்களூர் வரை நின்றுகொண்டேதான் போனேன்.